புதுப்பிப்பு: மருத்துவரிடம் சொல்லிவிட்டேன்

சிறுநீரை அடக்க முடியாத உடலோடு வாழவேண்டும் என்ற ஏக்கம் நினைவு தெரிந்த நாளிலிருந்தே இருக்கிறது, 38 வயதில் இதை எந்த மருத்துவரிடம் போய்ச் சொல்வது என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, போன வாரம் போய்விட்டு வந்தேன். பேச வாய் வராது என்று தெரியும், அதனால் எழுதிக்கொண்டு போனேன்; நான்காக மடித்த அந்தத் தாள் காத்திருந்த நேரத்திலேயே கை வியர்வையில் நனைந்துவிட்டது. பொது மருத்துவர் முழுவதையும் படித்தார். சிரிக்கவில்லை. "எத்தனை வருஷமா இதைத் தனியாச் சுமக்கிறீங்க?" என்று கேட்டார், அழுதுவிட்டேன்.

சிறுநீர்ப் பரிசோதனை சரியாக இருந்தது. அப்புறம் மனநல மருத்துவர். கை காலை இழக்கவேண்டும், நடக்க முடியாமல் போகவேண்டும் என்று சிலருக்கு இருக்கும் நீங்காத ஏக்கத்தை, 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 நோய்ப்பட்டியல் தனி நிலையாகவே சேர்த்திருக்கிறது என்றார். என்னுடையது அதில் பெயர் சொல்லி இல்லை, ஆனால் அதற்கு நெருக்கமானதாக இருக்கலாம் என்று பார்க்கிறார். சிறுநீர் வெளியேறும் வழியில் நானே குழாய் செருகிக்கொள்ள நினைத்ததையும் மறைக்காமல் சொன்னேன். அது மட்டும் கூடவே கூடாது, கிருமித்தொற்று சிறுநீரகம் வரை ஏறும், சிறுநீர்த்தாரையில் தழும்பு விழுந்தால் அடைத்துக்கொள்ளும் என்றார். டயபர் அணிவதைத் தடுக்கவில்லை, தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து மறுபடி போகிறேன், இந்த முறை தாள் இல்லாமல் பேசிப் பார்க்கவேண்டும்.