மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்ச அனுபவம் யாருக்காவது இருக்கா?

ஜெபமாலைப்பூ (மதுரை):

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குப் போறோம், புது வருசத்துக்குன்னு வசனம் போட்ட வாக்குத்தத்த கார்டு வாங்கிட்டு வர்றோம், ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். பொங்கல் முடியுறதுக்குள்ள அதே கடன், அதே ஆபீஸ், வீட்டுல அதே சண்டை. அந்த மாதிரி நாட்கள்ல உங்க விசுவாசம் நிஜமா எப்படி கைகொடுத்துச்சுனு கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. மேடையில சொல்ற சாட்சி மாதிரி "உடனே அற்புதம் நடந்துச்சு"னு முடியணும்னு இல்ல, நடந்தத நடந்தபடி சொல்லுங்க ப்ளீஸ்.

பொருநைக்கரை (ஏரல் பக்கம்):

நான் சொல்லுதேன் சிஸ்டர். எங்களுக்குப் பலசரக்குக் கடை. 2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு சரக்கெல்லாம் எடுத்து அடுக்கி வச்சிருந்த நேரம். காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைனு நியூஸ்ல பாத்திருப்பீங்க, அந்த மழைதான். தாமிரபரணி கரை மீறி ஊருக்குள்ள வந்து கடைக்குள்ள ஆள் உசரத்துக்கு நின்னுச்சு. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட ஜனங்க மாட்டிக்கிட்டது எல்லாருக்கும் தெரியும். எங்க பக்கம் கரண்டும் இல்ல, டவரும் இல்ல, ரோடு அறுத்துக்கிட்டுப் போயிருச்சு.

தண்ணி வடிஞ்ச பிறகு ஷட்டரத் தூக்குனா உள்ள இருந்து வந்த வாடை இருக்கே, ஊறி உப்புன அரிசி, கரைஞ்ச சீனி, வெல்லம், மண்ணெண்ணெய், சகதி எல்லாம் சேர்ந்து புளிச்ச வாடை, இப்பவும் மழைக்கால ஈரம் மூக்குல ஏறுனா வயித்தப் பெரட்டும். பற்று வரவு நோட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி செங்கல் மாதிரி ஆயிருச்சு. எங்க வீட்டுக்காரி ஒவ்வொரு தாளா பிரிச்சு துணி காயப்போடுற கொடியில கிளிப்பு போட்டு தொங்கவிட்டா. மை கரைஞ்சு நீலமா ஒரு கறை மட்டுந்தான் நின்னுச்சு, ஒரு பேரு கூட வாசிக்க முடியல.

டவர் வந்ததும் ஃபோன் வர ஆரம்பிச்சுது. "சகலமும் நன்மைக்கு ஏதுவாய் நடக்கும் பிரதர்"னு ஆளாளுக்கு. நல்ல மனசுலதான் சொன்னாவ, அது எனக்குத் தெரியும், ஆனா முழங்கால் சகதிக்குள்ள நிக்கிறவன்கிட்ட அந்த வசனத்த முதல் வார்த்தையா சொல்லாதீங்கனு இங்க எல்லாரையும் கையெடுத்து கும்பிட்டு கேக்குறேன். பவுல் ரோமர் 8ல அத எழுதும்போது அதுக்கு முன்னாடியே சர்வ சிருஷ்டியும் தவிக்குதுன்னு எழுதிட்டுத்தான் எழுதுதாரு. தவிப்ப விட்டுட்டு நன்மைய மட்டும் எடுத்துக் குடுத்தா அது கேக்குறவனுக்கு இறங்காது.

எங்க ஐயர், சர்ச் போதகரத்தான் அப்படிச் சொல்லுவோம், ஒண்ணும் பிரசங்கம் பண்ணல. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வாலிபர் சங்கப் பயலுவளோட மம்பட்டி தூக்கிட்டு வந்தாரு. பக்கத்துத் தெரு பாய் வீட்டுல இருந்து அண்டாவுல சோறு வந்துச்சு. யாக்கோபு எழுதுன நிருபத்துல, சாப்பாடில்லாதவன பாத்து சமாதானத்தோட போ, பசியாறுன்னு வாயால மட்டும் சொன்னா பிரயோஜனம் என்னன்னு ஒரு கேள்வி இருக்குல்ல, அதுக்குப் பதில அன்னைக்கு கண்ணால பாத்தோம்.

ஐயர் போகும்போது வேதத்துல புலம்பல் 3ஆம் அதிகாரம் வாசிங்க, ஆனா 22ஆம் வசனத்துல ஆரம்பிக்காதீங்க, முதல் வசனத்துல இருந்து வாசிங்கன்னு மட்டும் சொன்னாரு. ஆண்டவரோட இரக்கங்களப் பத்தின "அவைகள் காலைதோறும் புதியவைகள்" வசனத்த சின்ன வயசுல இருந்து காலண்டர்லதான் பாத்திருக்கேன், பின்னாடி ரோசாப்பூ படம் இருக்கும். அதுக்கு அஞ்சு வசனம் முன்னாடி "என் பெலனும் நான் கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று"ன்னு அதே மனுஷன் சொல்லுதான். பாபிலோன்காரன் எருசலேம எரிச்சுட்டுப் போன பிறகு அந்த இடிபாட்டப் பாத்து எழுதுனது. எல்லாம் போச்சுன்னு ஆண்டவர்கிட்ட நேராவே சொல்லலாம், அதுவும் ஜெபந்தான்னு எனக்குப் புரிஞ்சது அங்கதான். அதுக்கப்புறம் காலையில கடைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு வசனத்தையும் சேர்த்தேதான் சொல்லுவேன், பதினெட்டையும் இருபத்திமூணையும்.

சும்மா சொல்லக்கூடாது, எரிச்சல் அதோட தீரல. இன்சூரன்ஸ்ல ஸ்டாக் ரிஜிஸ்டர் கொண்டாங்கன்னாவ, ரிஜிஸ்டர்தான் தண்ணியில போச்சேன்னா, அப்போ அத நிரூபிக்க ஒரு லெட்டர்னாவ, அந்த லெட்டர் வாங்கப்போனா வேற ஆபீஸ். ஒவ்வொரு தடவையும் பஸ்ல திரும்பி வரும்போது நெஞ்சு கொதிக்கும். அந்தக் கொதிப்பையும் அப்படியே ஆண்டவர்கிட்ட சொல்லிட்டு இறங்குவேன், வீட்டுல புள்ளைங்க மேல காட்டக்கூடாதுன்னு.

ஒண்ணு மட்டும் சொல்லணும். நோட்டு போனது ஊருக்கே தெரியும், யாரு எவ்வளவு தரணும்னு எங்கிட்ட ஒரு ஆதாரமும் இல்ல. தெருக்கோடியில ஒரு ஆச்சி, பீடி சுத்துறவங்க, அவங்க வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்துச்சு. அரசாங்கம் குடுத்த 6000 ரூபா வந்த பிறகு முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வந்து, "நோட்டு போனா என்னய்யா, எம்புட்டு வாங்குனேன்னு எனக்குத் தெரியும்லா"ன்னு கல்லாவுல வச்சுட்டுப் போனாங்க. அந்தக் காச வச்சுதான் தூத்துக்குடிக்கு சரக்கு எடுக்கப் போனேன். அவங்க சர்ச்சுக்கு வர்றவங்க இல்ல, அம்மன் கோயிலுக்குப் போறவங்க. ஆண்டவர் யாரக் கொண்டு பதில் அனுப்புவாருன்னு நாம முடிவு பண்ண முடியாது.

கடலோரம் (தூத்துக்குடி):

அண்ணே வாசிச்சு கண்ணு கலங்கிருச்சு. நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கன்), விசைப்படகுத் தொழில். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை எங்களுக்குத் தடைக்காலம், 61 நாள் படகு கரையில கிடக்கும், பராமரிப்பு, வலை எல்லாம் கடன்ல ஓடும். தடை முடிஞ்சு ஃபாதர் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சு அனுப்புவாரு, ஊரே கரையில நிக்கும். ஒரு வருசம் அப்படிப் போன முதல் நாளே வலை கடலடிப் பாறையில மாட்டி கிழிஞ்சு, டீசல் காசுக்கும் மீனில்லாம திரும்பி வந்தோம். மாதா திருவிழாவுக்குள்ள கடன அடைச்சிரலாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தது எல்லாம் போச்சு.

மறுநாள் வலைக்கொட்டகையில உக்காந்து கிழிசல் பொத்தும்போது பேதுரு நெனப்புத்தான். எல்லாரும் அவரு மறுபடி வலை போட்டதப் பத்தியும் படகு நிறைய மீன் வந்ததப் பத்தியும் பேசுவாங்க. லூக்கா 5ல இயேசு வரும்போது அவங்க என்ன செஞ்சிட்டிருந்தாங்கனு பாருங்க, ராத்திரி பூரா ஒண்ணும் படாம கரைக்கு வந்து வலைய அலசிட்டிருந்தாங்க. மீன் படாத வலைய ஏன் அலசணும்? நாளைக்கும் போறதா இருக்கிறவன்தான் அலசுவான். தொழில் செய்யுறவனுக்கு அது தெரியும். உம் வார்த்தையை நம்பி போடுறேன்னு வாய் திறந்து சொல்றதுக்கு முன்னாடியே கை நம்பிருச்சுனு நான் நெனைக்கிறேன்.

ஞாயித்துக்கிழமை மட்டும் கடலுக்குப் போறதில்ல, எவ்வளவு கடன் இருந்தாலும். எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான். கடன்காரன் கேலி பண்ணுவான், பரவாயில்ல. பூசை முடிச்சு புள்ளைங்களோட உக்காந்து சாப்புடுற அந்த ஒரு நாள் இல்லன்னா திங்கக்கிழமை விடியக்காலம் எந்திரிக்க எனக்குத் தெம்பு இருக்காது.

மேய்ப்பனின் மகள் (சென்னை):

எனக்கு வெள்ளமும் இல்ல கடலும் இல்ல, வீட்டுக்குள்ளயேதான். மாமியாருக்கு மறதி நோய். என் பேரு மறந்துபோச்சு, நான் வேலைக்காரப் பொண்ணுனு நெனச்சு சில நாள் திட்டுவாங்க. "மணி என்ன, அவரு வந்துட்டாரா"ன்னு மாமாவ கேப்பாங்க, மாமா இறந்து பல வருசம் ஆச்சு. நான் வீட்டுல இருந்தே ஆபீஸ் வேலை, மீட்டிங்ல இருக்கும்போது கதவைத் தட்டிட்டே இருப்பாங்க. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு 13ஆம் சங்கீதம் ஆரம்பிக்கும்ல, சில நாள் அந்த முதல் வரியத் தாண்டி என்னால போக முடியாது, அதுக்குள்ள கூப்பிடுவாங்க.

குளிக்க வைக்கிறதுதான் பெரிய போராட்டம், தண்ணிய கண்டாலே பயந்து கைய புடிச்சு இழுப்பாங்க, அழுவாங்க. ஒரு நாள் என்ன பண்றதுனு தெரியாம "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்"னு சொன்னேன், எனக்காகத்தான் சொன்னேன். அவங்க டக்குன்னு "நான் தாழ்ச்சியடையேன்"னாங்க! அப்புறம் அந்த 23ஆம் சங்கீதத்துல நான் பாதி அவங்க மீதி. "அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில்" வரும்போது முதல் செம்பு தண்ணிய தோள்ல ஊத்துவேன், பேசாம இருப்பாங்க. இப்ப தினமும் இப்படித்தான் குளியல். ஓய்வுநாள் பள்ளியில மனப்பாடம் பண்ணது, என் பேர விட ஆழமா பதிஞ்சிருக்கு போல. எல்லா நாளும் இது வேலை செய்யுதுனு சொல்ல மாட்டேன், நேத்து செம்பத் தூக்கி எறிஞ்சாங்க.

சர்ச்சுல "பொறுமையா இருங்க, ஆசீர்வாதம் கிடைக்கும்"னு சொல்றாங்க. எனக்கு இப்ப வேண்டியது ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் அவங்களோட யாராவது இருக்கணும், நான் ஆராதனைக்குப் போகணும். அவ்வளவுதான்.

ஜெபமாலைப்பூ (மதுரை):

அக்கா, இத உங்க ஐயர்கிட்ட இதே வார்த்தையில சொல்லிப் பாத்தீங்களா? ஆசீர்வாதம் கேக்காதீங்க, ரெண்டு மணி நேரம் கேளுங்க.

பொருநைக்கரை (ஏரல் பக்கம்):

தங்கச்சி, சென்னையில எந்தப் பக்கம்னு தனியா மெசேஜ் பண்ணுங்க. எங்க மதினி தாம்பரத்துல இருக்காங்க, நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க, சாயங்கால ஆராதனைக்குப் போறவங்க, காலையில ஃப்ரீதான். இப்பதான் கேட்டேன், வர்ற ஞாயித்துக்கிழமையே வர்றேன்னுட்டாங்க.