போனில் திறந்தால் கடை நம்பரே கண்ணில் படவில்லை, பழைய வெப்சைட்டை ஒட்டுப்போட முடியுமா?

ஆத்தங்குடி_மருமகன்
வணக்கம். மாமனார் காரைக்குடி பக்கம், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பட்டறை வைத்திருக்கிறார். 2011-ல் ஒருவரிடம் செய்து வாங்கிய வெப்சைட் இருக்கிறது. கம்ப்யூட்டரில் பார்த்தால் குறை சொல்ல முடியாது, போனில் திறந்தால் மொத்தப் பக்கமும் தீப்பெட்டிப் படம் மாதிரி சுருங்கி நிற்கிறது. போன வாரம் பெங்களூர் ஆர்க்கிடெக்ட் ஒருவர் சைட்டில் நம்பரைத் தேடிச் சலித்துப்போய், வேறு யாரிடமோ கேட்டு வாங்கி அழைத்தார். நம்பர் இருக்கத்தான் செய்கிறது, மேலே பேனர் படத்துக்குள்! டிசைன் பக்கத்தில் 42 படங்கள், கேமராவிலிருந்து அப்படியே ஏற்றியவை, ஒவ்வொன்றும் 4 எம்பி. அளவும் விலையும் ஒரு அகலமான டேபிளில். தமிழில் இருக்கும் 'எங்களைப் பற்றி' பக்கம் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. புதிதாகச் செய்ய 40,000 ரூபாய் கேட்கிறார்கள். வெப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல் எனக்கு ஓரளவு தெரியும்.

பிக்சல்_பாண்டி
40,000-த்தைப் பத்திரமாக வையுங்கள். முதலில் பக்கத்தின் ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் (எந்த அகலத்தில் காட்ட வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி) இருக்கிறதா என்று பாருங்கள், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இருக்காது. அது இல்லாவிட்டால் போன் பிரவுசர், பக்கம் சுமார் 980 பிக்சல் அகலம் என்று தானே நினைத்துக்கொண்டு, அத்தனையையும் சுருக்கித் திரைக்குள் அடைக்கும். அந்த டேகில் விட்த், அதாவது அகலம், என்பதற்கு டிவைஸ்-விட்த் என்று கொடுத்தால் சுருக்கம் நிற்கும். ஆனால் அதோடு சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், அந்தக் காலத்து சைட் என்றால் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்-ஸில் 960 பிக்சல் என்று அகலத்தை ஆணி அடித்து வைத்திருப்பார்கள், இப்போது பக்கம் வலது பக்கமாக வழியும். அவற்றை மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) ஆக்குங்கள், படங்களுக்கு மேக்ஸ்-விட்த் 100%. டேபிளை ஒரு டிவ் என்ற பெட்டிக்குள் போட்டு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ கொடுத்தால் டேபிள் மட்டும் பக்கவாட்டில் நகரும்.

தமிழ்ப் பக்கம் பாமினி ஃபான்ட்டாக இருக்கும், அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் மாட்டிவிடும் பழைய ஃபான்ட். கடைக் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இருப்பதால் உங்களுக்குத் தமிழாகத் தெரிகிறது, மற்றவர்களுக்கும் கூகுளுக்கும் அது வெறும் குப்பை. எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள், வேறு வழியே இல்லை.

சும்மா_ஒருவன்
இந்தக் காலத்தில் வெப்சைட் எதற்கு பாஸ்? இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப் கேட்டலாக்கும் போதாதா?

மதுரைக்காரி
போதாது. வீடு கட்டுகிறவர் இன்ஸ்டாவில் மயங்கலாம், ஆர்க்கிடெக்டுக்கு அளவும் கனமும் ஒரு பெட்டியில் எத்தனை கல் என்பதும் ஒரே இடத்தில் வேண்டும். இன்னொன்று, கூகுள் இப்போது போனுக்குக் கிடைக்கும் பக்கத்தைத்தான் படித்துப் பட்டியலிடுகிறது, 2023 அக்டோபரிலேயே அந்த மாற்றம் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். 'போனில் இடம் பத்தவில்லை' என்று விலைப் பட்டியலைத் தூக்கிவிட்டால் கூகுளுக்கும் அது இல்லை.

படங்கள்தான் உங்கள் பெரிய வியாதி. 42 படம், 168 எம்பி! அதற்குள் ஒரு சினிமாவின் பாதியைப் பார்த்துவிடலாம். 1000 பிக்சல் அகலம் போனுக்குத் தாராளம். வெப்-பி ஃபார்மேட்டில் மாற்றினால் எடை நன்றாகக் குறையும், ஆனால் உங்கள் சரக்கே நிறம்தான், சிவப்பும் கறுப்பும் சேரும் ஓரம் அதில் லேசாகக் கலங்கும், அதனால் தரத்தை ரொம்பக் குறைக்காமல் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். முதல் இரண்டு மூன்று படங்களைத் தவிர மற்றவற்றுக்கு லோடிங் லேஸி, அதாவது கீழே நகர்த்தி அருகே வரும்போதுதான் படம் இறங்கும். அகலம் உயரம் இரண்டையும் டேகில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் படம் வர வரப் பக்கம் குதிக்கும்.

நம்பரைப் படத்திலிருந்து வெளியே எடுத்து, தொட்டால் அழைப்பு போகிற மாதிரி டெல் லிங்க் ஆக்குங்கள். ஒவ்வொரு டிசைனுக்குக் கீழேயும் வாட்ஸ்அப் லிங்க் வைத்து 'டிசைன் எண் 17 பற்றி' என்று செய்தியை முன்கூட்டியே நிரப்பலாம். அந்த வாட்ஸ்அப் லிங்கில் நம்பருக்கு முன்னால் இந்தியாவின் 91 வேண்டும், பிளஸ் வேண்டாம். விசாரணைப் படிவம் இருந்தால் எழுத்து 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது, ஐபோன் சட்டென்று பெரிதாக்கி ஆளைப் பயமுறுத்தும்.

ஆத்தங்குடி_மருமகன்
இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். வியூபோர்ட் போட்டதும் பாண்டி சொன்ன மாதிரியே வலது பக்கம் வழிந்தது, 960-ஐ நான்கு இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது. படங்கள் எல்லாம் சேர்த்து இப்போது 6 எம்பி. பாமினிதான், யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்தேன், ஒற்று சில இடத்தில் கோணலாக வந்ததைக் கையால் திருத்தினேன். மெனு மட்டும் இன்னும் இரண்டு வரியாக மடிகிறது.

மாமனார் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, 'நம் சிவப்பு இவ்வளவு வெளிறியா இருக்கும்?' என்கிறார்.

மதுரைக்காரி
மெனுவில் எத்தனை இருக்கிறது? ஐந்துக்கு மேல் என்றால் குறையுங்கள், 'முகப்பு' என்பதை லோகோவே பார்த்துக்கொள்ளும். சிவப்புக்கு ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு திரை, அதை எந்தக் கோடிங்காலும் சரிசெய்ய முடியாது. 'மாதிரிக் கல் வேண்டுமா' என்று ஒரு பொத்தான் வைத்து, கேட்கிறவர்களுக்குக் கூரியரில் ஒரு கல்லை அனுப்புங்கள்.