ரெண்டு பக்கமும் சம புள்ளி வைத்து ஆடினால் அது வரலாற்று ஆட்டமா?

ஈயச்சிப்பாய்
போன சனிக்கிழமை ஆறு பேர் சேர்ந்து, மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்துப் பகடை உருட்டி, நெப்போலியன் வெலிங்டனிடமும் பிரஷ்யர்களிடமும் தோற்ற வாட்டர்லூ போரை ஆடினோம். 15 மிமீ பொம்மைகள், சுற்றுக்கு அரை மணி என்று கணக்கு. 1815 ஜூன் 18 அன்று சண்டை தொடங்கியது காலை பதினொன்றரை வாக்கில். பிரஷ்யர்கள் காட்டை விட்டு வெளியே வந்தபோது மாலை நாலரை. எங்கள் மேசையில் அது பதினோராவது சுற்று. அதுவரை பிரஷ்யப் படைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, “அடுத்த தடவை 1000 புள்ளிக்கு 1000 புள்ளி வச்சு ஆடலாம், எல்லாருக்கும் வேலை இருக்கும்” என்றார். அதாவது ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் பலத்துக்கு ஏற்ற புள்ளி, ரெண்டு பக்கமும் கூட்டினால் சமமாக வர வேண்டும்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. வெலிங்டனிடம் சுமார் 68,000 பேர், நெப்போலியனிடம் சுமார் 73,000 பேர். இவர்களை மட்டும் எடுத்து மோதவிட்டால் ஏறக்குறைய சமம்தான். ஆனால் பிரஷ்யத் தளபதி புளூக்கரின் 50,000 பேர் எப்போது வருவார்கள், வருவார்களா என்பதுதானே அந்த நாளே! அதைக் கழித்துவிட்டு ஆடுவது சீருடை போட்ட சதுரங்கம்.

பகடைஆறு
அண்ணே, நான் அந்தப் பிரஷ்யப் படைக்காரர் கட்சி. ராத்திரி ராத்திரியாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொத்தான் பொத்தானாகப் பெயிண்ட் அடித்தது என் ஆஸ்திரியப் படை. அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு அடுத்தவன் பகடை உருட்டுவதை வேடிக்கை பார்க்கவா வருகிறேன்?

அப்புறம் இந்த ‘அப்படியே நடந்தது’ கதை. 28 மிமீ பொம்மை ஏறத்தாழ 1/56 அளவு. அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கி சுட்டால் ஏதோ உருப்படியாகப் படும் தூரம் 100 மீட்டர் என்று வையுங்கள். அதே அளவில் மேசையில் அது 1.8 மீட்டர். என் மேசையின் அகலமே 1.2 மீட்டர்! அதனால்தான் விதிநூல்கள் அதை 12 அங்குலம், 18 அங்குலம் என்று சுருக்கிவிடுகின்றன. ஒரு பொம்மை நின்றால் இருபது முப்பது பேர் நிற்பதாக அர்த்தம். தூரத்தில் பொய், தலைக்கணக்கில் பொய். இதையெல்லாம் விழுங்கிவிட்டுச் சமபுள்ளி மட்டும் தொண்டையில் சிக்குகிறதா?

ஈயச்சிப்பாய்
தூரத்தைச் சுருக்கினால் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிதான் சுருங்குகிறது. தளபதிக்கு இருந்த சிக்கல் மாறவில்லை. புள்ளியைச் சமமாக்கினால் அந்தச் சிக்கலே காணாமல் போய்விடுகிறது. ரெண்டும் ஒன்றா தம்பி?

தூரிகைக்காரி
முதலில் எல்லாரும் பெயிண்ட் அடித்து முடியுங்கள். போன மாதம் நான் பார்த்த ஆட்டத்தில் நெப்போலியனின் காவல்படை முழுக்க, பெயிண்டுக்கு முன்னால் பூசும் ப்ரைமரின் சாம்பல் நிறத்திலேயே நின்றது. அதில் பாதிப் பேருக்குத் துப்பாக்கியே ஒட்டவில்லை. அப்புறம் பேசலாம் வரலாறு.

பகடைஆறு
அக்கா, அது என் படைதான். பொத்தான் கதை ஆஸ்திரியர்களோடு முடிந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள்.

தும்பை
நம் புறத்திணையை நினைத்துப் பாருங்கள். ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை. கோட்டையை வளைத்தால் உழிஞை, உள்ளிருந்து காத்தால் நொச்சி. களம் குறித்து ரெண்டு படையும் நேருக்கு நேர் நிற்பது தும்பை. நீங்கள் ரெண்டு பேரும் தும்பையை மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறீர்கள். (பெயரை இப்படி வைத்துக்கொண்டு நானே இதைச் சொல்கிறேன்!)

நாங்கள் ஒரு வெட்சி ஆட்டம் போட்டோம். கவர வந்தவன் கையில் பன்னிரண்டு குதிரைவீரர், ஊரைக் காப்பவனிடம் நாற்பது காலாள். புள்ளிக் கணக்கில் ஒப்பிடவே முடியாது. ஆறு மாட்டில் மூன்றை மேசை ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால் குதிரைக்காரன் ஜெயித்தான். மாட்டுக்கு ஒவ்வொரு சுற்றும் ஒரு பகடை. 1 விழுந்தால் அது திரும்பி ஊரைப் பார்த்து நடக்கும். கடைசி மாடு ஓரத்துக்கு நாலு அங்குலம் இருக்கும்போது 1 விழுந்தது. அன்றைக்கு எழுந்த சத்தம் எந்த வாட்டர்லூவிலும் கேட்டதில்லை. படை சமமாக இருக்க வேண்டியதில்லை, ஜெயிக்கும் வழி சமமாக இருந்தால் போதும்.

பகடைஆறு
இது சரி. ஆனால் பக்கம் மாற்றி ரெண்டு தடவை ஆட வேண்டும். இல்லாவிட்டால் சினாரியோவை, அதாவது ஆட்டத்தின் சூழலையும் ஜெயிக்கும் வழியையும், எழுதியவர் வைத்ததுதான் சட்டம்.

மரக்கட்டை
புள்ளிக் கணக்கே பின்னால் வந்த பழக்கம். 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தில் ரெண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எதிரி வந்தால்தான் நடுவர் அவன் படையைக் குறிக்கும் கட்டையை வரைபடத்தில் வைப்பார். 1876இல் ஜெர்மன் அதிகாரி வெர்டி டு வெர்னுவா பகடையும் அட்டவணையும்கூட வேண்டாம், அனுபவப்பட்ட நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். 1942இல் லிவர்பூலில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் கடற்படைப் பெண்கள் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு ஆடினார்கள். கான்வாய், அதாவது சரக்குக் கப்பல் கூட்டத்துக்குக் காவல் போகும் அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று சின்ன இடைவெளி வழியாகத்தான் பார்க்கலாம். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கான்வாய்க்கு உள்ளேயே புகுந்து சுடுகின்றன என்று கண்டுபிடித்ததும் அந்தத் தரையில்தான். யாரும் சமபுள்ளி கேட்கவில்லை.

பகடைஆறு
அவர்களுக்கு அது வேலை, எனக்கு அது விடுமுறை.

நடுவர் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே கடற்போருக்கான ஒத்திகை. 1942 மே மாதம் ஜப்பானியர்கள் மேசையில் ஆடிப் பார்க்கிறார்கள். அமெரிக்க விமானங்களின் குண்டு ஒன்பது பட்டது என்று பகடைப்படி தீர்ப்பு. அகாகி, ககா என்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் ரெண்டும் மூழ்கின. தலைமை வகித்த உகாகி ஒன்பதை மூன்றாக்கினார், அகாகி பிழைத்தது. இதுதான் உங்கள் நடுவர் நியாயம்?

ஈயச்சிப்பாய்
தம்பி, நீயே என் கட்சிக்கு வந்துவிட்டாய். பகடை சொன்னது பிடிக்காமல் ஆட்டத்தை வசதிக்கு வளைத்தார்கள். ஜூன் 4 அன்று நிஜக் கடலில் அகாகியும் பற்றி எரிந்தது, ககாவும் பற்றி எரிந்தது. யாருக்கும் மனக்கஷ்டம் வரக் கூடாது என்று 1000க்கு 1000 வைப்பதும் அதே வளைப்புதான், கொஞ்சம் நாகரிகமாக.

பகடைஆறு
சரி அண்ணே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். மறைக்காமல் சொல்லுங்கள். சனிக்கிழமை பிரெஞ்சுப் பக்கம் ஆடியவர் நெப்போலியனின் தளபதி லோபோவின் படையை எங்கே வைத்தார்?

ஈயச்சிப்பாய்
...வலப்பக்கம். பிரஷ்யர் வரும் பக்கமுள்ள பிளான்செனுவா ஊருக்குள். முதல் சுற்றிலேயே.

பகடைஆறு
பார்த்தீர்களா! பதினோராவது சுற்றில் புளூக்கர் வருவார் என்று மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். நெப்போலியனுக்குத் தெரியாது. “எப்போது வருவார்கள், வருவார்களா என்பதுதானே அந்த நாளே” என்று நீங்கள்தான் எழுதினீர்கள். உங்கள் மேசையில் அந்தக் கேள்வியே இல்லையே. இதற்காகவா அந்த மனுஷனை மூன்று மணிநேரம் உட்கார வைத்தீர்கள்?

ஈயச்சிப்பாய்
இதை ஒப்புக்கொள்கிறேன். ரெண்டு நாளாகப் பதில் யோசிக்கிறேன், வரவில்லை. அடுத்த முறை அந்த நண்பர் கையில் முதலில் வெலிங்டன் பக்கம் காத்து நின்ற ஹூகுமோன் பண்ணைவீட்டைக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். காலையிலிருந்தே அங்கே சண்டை, சும்மா இருக்க நேரமிருக்காது. எட்டாவது சுற்றிலிருந்து மறைவாக ஒரு பகடை, 6 விழுந்தால் பிரஷ்யர் வருகை.

தும்பை
அப்போதும் வருவார்கள் என்பது தெரியும்தானே. வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி, ஊர்ப் பெயரையெல்லாம் மாற்றி, என்ன போர் என்று சொல்லாமல் ஆடவிடுங்கள்.

தூரிகைக்காரி
பெயரை மாற்றலாம். உயரமான கரடித்தோல் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிற காவல்படையை யார் என்று சொல்லி ஏமாற்றுவீர்கள்?

பகடைஆறு
அக்கா, சாம்பல் நிறத்திலேயே விட்டதன் அருமை இப்போது புரிகிறதா!