பாஷ் ஸ்கிரிப்டில் டெலிகிராம் பாட்: பட்டன், பல படி உரையாடல், குரல் மாற்றம் சேர்த்ததும் குழம்புகிறது

சிறுநிரல்:

பாஷ் 5.2 (ஷெல்), கர்ல் (இணையக் கோரிக்கை அனுப்பும் கருவி), ஜேகியூ (ஜேசன் தரவைப் பிரிக்கும் கருவி). இந்த மூன்றை வைத்து ஒரு நினைவூட்டல் பாட் ஓடுது. 512 எம்பி ரேம் விபிஎஸ் (வாடகை சர்வர்), சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை ஓட்டும் நிரல்) சர்வீஸ், ரீஸ்டார்ட்செக் 5 (விழுந்தா 5 விநாடியில் மறுபடி எழுப்பும்).

புதுச் செய்திகளைத் தர்ற டெலிகிராமின் கெட்அப்டேட்ஸை டைம்அவுட் 50 விநாடி வைத்துக் கூப்பிடுறேன். வர்ற ஜேசனை ஜேகியூவில் பிரித்து, பைப் வழியா ஒரு வைல்-ரீட் லூப்புக்கு அனுப்புறேன். உள்ளே கேஸ். லூப் முடிந்ததும் கடைசி அப்டேட்_ஐடியோடு 1 கூட்டி ஆஃப்செட்டை (அடுத்து எந்த அப்டேட்டிலிருந்து வேணும்ங்கிற எண்) கோப்பில் எழுதுறேன். மேலே செட் -ஈ (ஏதாவது கட்டளை தோத்தா ஸ்கிரிப்டை நிறுத்தும்) இருக்கு, கர்லுக்கு --ஃபெயில் (சர்வர் பிழை தந்தா கர்லும் தோற்கும்). சாதாரண கட்டளைகள் எல்லாம் ஒழுங்கா ஓடுது. அதுக்கு மேலே கட்ட ஆரம்பிச்சதும்தான் தொல்லை:

1. யாராவது குரல் செய்தி அனுப்பினா எஃப்எஃப்எம்பெக் (ஒலி மாற்றும் கருவி) அதை எம்பி3 ஆக்கித் தருது. ஆனா அதே தொகுப்பில் பின்னால வந்த செய்திகள் காணாமப் போகுது.
2. சில நாள் 5 விநாடிக்கு ஒரு தடவை ஒரே பதில் போய்க்கிட்டே இருக்கு. கையால நிறுத்தணும்.
3. என்ன வேலை, எந்தத் தேதி, எத்தனை மணி என்று மூன்று படியில் கேட்கிறேன். யார் எந்தப் படியில் இருக்காங்கங்கிற நிலையை அசோசியேட்டிவ் அரேயில் (பெயர்-மதிப்புப் பட்டியல்) வைக்கிறேன். அடுத்த செய்தி வரும்போது அரே காலி.
4. "மாற்று" பட்டன் வேலை செய்யுது, "நினைவூட்டலை நீக்கு" பட்டன் 400 பிழை தருது. கால்பேக்_டேட்டாவில் (பட்டனை அழுத்தினா பாட்டுக்கு வர்ற சரம்) பட்டன் பெயர், தேதி, வரிசை எண் மூன்றையும் செங்குத்துக் கோடு போட்டுச் சேர்க்கிறேன்.
5. நீளமான பதிலை 4000 எழுத்தா வெட்டி அனுப்புறேன். டெர்மினலில் சரி, சிஸ்டம்டியில் ஓடும்போது யுடிஎஃப்-8 பிழை.
6. நேரம் வந்ததும் அனுப்ப, குறிச்ச நேரத்தில் ஓட்டும் 'அட்' கட்டளை போதுமா?

கருந்திரை:

முதல் மூன்றுக்கும் வேர் அந்த ஒரு லூப்தான்.

எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது விசை அழுத்தம் வருகிறதா என்று ஸ்டான்டர்ட் இன்புட்டைப் படித்துக்கொண்டே இருக்கும். உங்கள் லூப்புக்குள் அதன் இன்புட் எது? ஜேகியூவிலிருந்து வரும் பைப். மீதிச் செய்திகளை அது விழுங்கிவிடுகிறது. நீங்களோ கடைசி ஐடியைத் தனியாகக் கணக்கிட்டு ஆஃப்செட்டை நகர்த்திவிடுகிறீர்கள். டெலிகிராம் அவற்றை மறுபடி தராது. -நோஎஸ்டிடிஇன் என்ற விருப்பத்தைச் சேருங்கள். தொலை சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சும் இதே வேலையைச் செய்யும், அதற்கு -என்.

மூன்றாவது: பைப்புக்குப் பின்னால் வரும் வைல் ஒரு சப்ஷெல்லில் (தனிக் கிளை ஷெல்) ஓடுகிறது. அங்கே அரேயில் போட்டதெல்லாம் டன் வந்ததும் அழிந்துபோகும்.

இரண்டுக்கும் சேர்த்து மருந்து: ஜேகியூவை -சி கொடுத்து ஓடவிட்டு ஒரு அப்டேட்டுக்கு ஒரு வரி வாங்குங்கள். மேப்ஃபைல் -t (வரிகளை அரேயில் நிரப்பும் பாஷ் கட்டளை) கொண்டு, பிராசஸ் சப்ஸ்டிடியூஷன் (கட்டளையின் வெளியீட்டைக் கோப்புபோல் படிப்பது) வழியாக அதை ஒரு அரேயில் நிரப்பி, ஃபார் லூப்பில் சுற்றுங்கள். ஒருவர் நான்கு வரிச் செய்தி அனுப்பினாலும் -சி வடிவத்தில் அது ஒரே வரிதான். வரிமுறிவெல்லாம் ஜேசனுக்குள் எஸ்கேப் ஆகி இருக்கும். புலங்களை அந்த வரியிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது இன்னும் மோசமானது. தொகுப்பில் மூன்று செய்தி. முதல் இரண்டுக்கும் பதில் போய்விட்டது. மூன்றாவது ஆள் பாட்டை பிளாக் செய்துவிட்டார், டெலிகிராம் 403 தருகிறது. --ஃபெயில் இருப்பதால் கர்ல் 22 என்ற குறியோடு வெளியேறும், செட் -ஈ ஸ்கிரிப்டைக் கொல்லும். ஆஃப்செட் எழுதப்படவே இல்லை. 5 விநாடியில் சிஸ்டம்டி எழுப்பும், அதே மூன்று செய்தி, முதல் இருவருக்கும் மறுபடி பதில். ஸ்டிக்கர் வந்தாலும் இது நடக்கலாம்: அதில் டெக்ஸ்ட் புலம் கிடையாது, உரை தேடும் கிரெப் எதையும் காணாமல் 1 திருப்பினால் போதும்.

எனவே நீண்ட நேரம் ஓடும் லூப்பில் செட் -ஈ வேண்டாம். ஒவ்வொரு அப்டேட்டையும் தொடுவதற்கு முன்பே அதன் ஐடி + 1-ஐக் கோப்பில் எழுதிவிடுங்கள். விழுந்தால் ஒரு செய்தி தவறிப்போகும், அவ்வளவுதான். சாட் பாட்டுக்கு அது தாங்கும். ஒரே பதில் விடிய விடிய போவது தாங்காது. --ஃபெயிலையும் எடுத்துவிட்டு, பதில் ஜேசனில் ஓகே, எரர்_கோட் இரண்டையும் நீங்களே பாருங்கள். --ஃபெயில் பிழை விளக்கத்தை முழுங்கிவிடும்.

நிலையை நினைவகத்தில் வைக்காதீர்கள், ரீஸ்டார்ட்டில் போய்விடும். ஆளுக்கு ஒரு சிறு கோப்பு. பெயரில் சாட் ஐடி, யூசர் ஐடி இரண்டும் வேண்டும். இல்லையேல் குழுவில் ஒருவர் தொடங்கிய உரையாடலுக்கு இன்னொருவர் பதில் சொல்லிவிடுவார். தற்காலிகக் கோப்பில் எழுதி எம்வி (பெயர் மாற்றி நகர்த்தல்) செய்யுங்கள், ஆனால் அதே டைரக்டரிக்குள். பல சர்வர்களில் டெம்ப் தனிக் கோப்பமைப்பு. அங்கிருந்து எம்வி செய்தால் அது நகலெடுப்பாக மாறிவிடும், பாதி எழுதிய கோப்பைப் படிக்க நேரும். 15 நிமிடத்துக்கு மேல் பழைய நிலையைக் கண்டால் தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று: குழு ஐடிகள் கழித்தல் குறியோடு வரும். கிரெப் அதை விருப்பம் என்று நினைத்துக்கொள்ளும். முன்னால் இரட்டைக் கோடு போடுங்கள். -x (முழு வரியும் பொருந்த), -F (எழுத்து அப்படியே) இரண்டும் சேருங்கள், இல்லாவிட்டால் 123-ஐத் தேடினால் 1234-உம் அகப்படும்.

எழுத்தெண்ணி:

4, 5 ரெண்டும் தமிழ் பைட் கணக்கு.

கால்பேக்_டேட்டாவுக்கு 1 முதல் 64 பைட். எழுத்து இல்ல, பைட். யுடிஎஃப்-8ல தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் 3 பைட். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. "மாற்று" 6 குறி, 18 பைட். "நினைவூட்டலை நீக்கு" 17 குறி, ஒரு இடைவெளி, 52 பைட். அதோட கோடு, 10 எழுத்துத் தேதி, இன்னொரு கோடு, ஓரிலக்க எண் சேர்ந்தா 65. ஒரே ஒரு பைட்டுல போச்சு. பட்டன் மேல தெரியற பெயர் தமிழ்லயே இருக்கட்டும், டேட்டாவுல 07:184 மாதிரி செயல் எண், வரிசை எண் மட்டும் வைங்க. மீதிய டேட்டாபேஸ்ல பாத்துக்கலாம். அந்த 184 அழுத்தினவரோடதுதானான்னு சரிபார்க்க மறந்துடாதீங்க. குழுவுல பட்டனை யார் வேணா அழுத்தலாம்.

அழுத்தினதும் ஆன்ஸர்கால்பேக்குவெரி கூப்பிட்டே ஆகணும், சொல்ல எதுவும் இல்லைன்னாலும். இல்லன்னா பட்டன் சுத்திக்கிட்டே நிக்கும், ஆள் நாலு தடவை அழுத்துவார்.

5: பாஷ்ல துண்டு வெட்டறது லொகேல (மொழி, எழுத்து அமைப்பு) பொறுத்தது. டெர்மினல்ல யுடிஎஃப்-8, அதனால 4000 எழுத்து. சர்வீஸ்ல லாங் (லொகேலச் சொல்ற மாறி) எதுவும் இல்லாம சி லொகேல் வந்தா 4000 பைட். 4000 மூணால வகுபடாது, இடையில இங்கிலீஷ், இடைவெளின்னு வேற கலந்திருக்கும். அதனால எழுத்து நடுவுல அறுபடும். யூனிட் கோப்புல என்விரான்மென்ட் வரியில லாங்குக்கு சி.யுடிஎஃப்-8 கொடுங்க. கட் -சி பக்கம் போகாதீங்க, குனு கட்டோட பல பதிப்புகள் யுடிஎஃப்-8 லொகேல்லயும் பைட்டாத்தான் வெட்டும்.

அப்படியும் "க்"குன்னு இருக்கறதுல புள்ளி மட்டும் அடுத்த செய்திக்குப் போய் புள்ளிவட்டத்தோட நிக்கும். வரி வரியா சேர்த்து, 3500 தாண்டறதுக்கு முன்னால அனுப்பறதுதான் சுத்தம். வரம்பு 4096.

தடித்த எழுத்து வேணும்னா டெலிகிராமோட மார்க்டவுன்வி2 வடிவம் வேண்டாம். அதுல முற்றுப்புள்ளி, ஹைஃபன் உட்பட 18 குறிகளை எஸ்கேப் பண்ணணும். தேதி எழுதினாலே உடையும். ஹெச்டிஎம்எல்ல மூணே மூணு: ஆம்பர்சாண்ட், சிறிது-பெரிது குறிகள். ஆம்பர்சாண்டை முதல்ல மாத்துங்க. நீங்க 5.2ன்னு சொன்னதால இது: அந்தப் பதிப்புல இருந்து, பேட்டர்ன் மாற்றத்துல மாத்திப் போடற பகுதியில வர்ற வெறும் ஆம்பர்சாண்ட், பொருந்தின எழுத்தையே குறிக்கும். பழைய ஸ்கிரிப்ட் சத்தமில்லாம தப்பா ஓடும். அந்தப் பகுதியை மேற்கோளுக்குள்ள வைங்க.

பூட்டுசாவி:

ஆறாவதுக்கு: 'அட்' வேண்டாம். அதற்கு நீங்கள் தருவது ஷெல் ஸ்கிரிப்ட். பயனர் எழுதிய வேலையின் பெயர் அதற்குள் போனால், டாலர் அடைப்புக்குறிக்குள் அவர் எழுதியது உங்கள் சர்வரில் ஓடும். எஸ்கியூலைட்டில் (ஒரே கோப்பில் இருக்கும் டேட்டாபேஸ்) ஒரு டேபிள்: சாட் ஐடி, எபோக் விநாடி (1970 தொடக்கம் முதல் எண்ணும் விநாடி), உரை, அனுப்பியாயிற்றா. நிமிடத்துக்கு ஒரு முறை சிஸ்டம்டி டைமர், நேரம் கடந்தவற்றை எடுத்து அனுப்பும். முதன்மை லூப்பும் அதே கோப்பில் எழுதுவதால் டைம்அவுட் 5000 மில்லிவிநாடி வையுங்கள், இல்லையேல் டேட்டாபேஸ் லாக்ட் பிழை வரும். உரையில் வரும் ஒற்றை மேற்கோளை இரட்டிப்பாக்கிய பிறகே எஸ்கியூஎல்லுக்குள் விடுங்கள்.

தேதியை டேட் -d கொண்டு எபோக் ஆக்கலாம், ஆனால் அதற்கு முன் நான்கு-இரண்டு-இரண்டு இலக்க வடிவம்தானா என்று ரெஜெக்ஸில் பாருங்கள். வெற்றுச் சரம் கொடுத்தால் அது பிழை சொல்லாது. இன்று நள்ளிரவு 12 மணியைத் தரும். சர்வர் யுடிசியில் இருக்கும், எனவே அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் டிஇசட் மாறிக்கு ஏஷியா/கொல்கத்தா. கொழும்பும் அதே 5:30தான். சிங்கப்பூரில் பயனர் இருந்தால் நேர மண்டலத்தைக் கேட்டு வாங்குங்கள், டெலிகிராம் அதைச் சொல்வதில்லை.

ஓகே ட்ரூ வந்த பிறகே அனுப்பியாயிற்று என்று குறியுங்கள். 429 (அதிக வேகம் என்ற பிழை) வந்தால் பராமீட்டர்ஸுக்குள் ரீட்ரை_ஆஃப்டர் விநாடி இருக்கும், அவ்வளவு தூங்குங்கள். ஒரே சாட்டுக்கு விநாடிக்கு ஒன்று, குழுவுக்கு நிமிடத்துக்கு 20, மொத்தத்தில் விநாடிக்கு 30 என்று வைத்துக்கொண்டால் அநேகமாக அடி விழாது. 403 என்றால் அந்த ஆளின் நினைவூட்டல்களை அழித்துவிடுங்கள்.

கர்லில் ஒரு ஓட்டை பலர் கண்ணில் படுவதில்லை. -F கொண்டு கேப்ஷன் அனுப்பும்போது மதிப்பு @ குறியில் தொடங்கினால், கர்ல் அதைக் கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு கோப்பையே அனுப்பிவிடும். பயனர் தந்த உரைக்கு --ஃபார்ம்-ஸ்ட்ரிங், அல்லது --டேட்டா-யுஆர்எல்என்கோட். பாட்டின் ரகசியச் சாவியான டோக்கனும் யுஆர்எல்லில் இருப்பதால் பிஎஸ் பட்டியலில் (ஓடும் நிரல்கள்) எல்லோருக்கும் தெரியும். 600 அனுமதியுள்ள கோப்பில் எழுதி கர்லுக்கு -K (பெரிய எழுத்து) வழியாகக் கொடுங்கள்.

சிறுநிரல்:

மேப்ஃபைல் போட்டதும் 1, 3 சரியாயிடுச்சு. நன்றி எல்லாருக்கும். இப்ப எஃப்எஃப்எம்பெக்கைப் பின்னணிக்குத் தள்ளிட்டேன். பாதி மாற்றம் சாகக் கூடாதுன்னு கில்மோட்=பிராசஸ் (நிறுத்தும்போது முதன்மை நிரலை மட்டும் கொல்லும்). ரெண்டு பாட் ஓடி 409 (மோதல் பிழை) வராம இருக்க தொடக்கத்துல 9ஆம் டிஸ்கிரிப்டர்ல (திறந்த கோப்போட எண்) எஃப்லாக் -என் (காத்திருக்காத கோப்புப் பூட்டு). ஆனா ரீஸ்டார்ட் பண்ணினா சில நேரம் பூட்டு கிடைக்காம வெளியேறுது.

கருந்திரை:

பின்னணிக்குப் போன எஃப்எஃப்எம்பெக் அந்த 9ஆம் டிஸ்கிரிப்டரையும் கையோடு கொண்டுபோகிறது. அது முடியும்வரை பூட்டு விடுபடாது. பின்னணிக்குத் தள்ளும் கட்டளையின் கடைசியில் 9>&- சேர்த்து மூடிவிடுங்கள். 512 எம்பியில் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் ஓடவிடாதீர்கள்; எண்ணிக்கை மீறினால் வெயிட் -என் (ஏதாவது ஒன்று முடியும்வரை காத்திருக்கும்). ஒவ்வொன்றுக்கும் டைம்அவுட் 120.

பூட்டுசாவி:

கோப்பை இறக்க உதவும் கெட்ஃபைல் 20 எம்பிக்கு மேல் தராது, அனுப்புவது 50 எம்பி வரை. ஃபைல்_சைஸைப் பார்த்து முன்னாலேயே மறுத்துவிடுங்கள். வட்டில் வைக்கும் பெயருக்கு ஃபைல்_யூனிக்_ஐடி. பயனர் வைத்த பெயரைத் தொடவே தொடாதீர்கள், அதில் சாய்கோடும் அடுத்தடுத்த இரு புள்ளியும் வரும்.