கம்பி வெள்ளி மாதிரி இயற்கையானதா என்பதை எவ்வாறு உறுதி செய்வது?

கேள்வி:
மொராக்கோவின் இமிட்டர் சுரங்கத்தில் கிடைத்ததென்று கூறி, ஒருவர் எனக்கு ஒரு கம்பி வெள்ளி மாதிரியை விற்க முன்வந்துள்ளார். கறுத்த அகாந்தைட் கட்டியிலிருந்து மயிரிழை போன்ற வெள்ளிக் கம்பிகள் சுருண்டு எழுந்து நிற்கின்றன. பழைய அடையாளச் சீட்டு எதுவும் உடன் இல்லை. இது இயற்கையில் விளைந்ததா என்பதைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய இயலுமா? வாங்கினால், கம்பிகளின் மேல் படிந்துள்ள கறுப்பை நீக்கலாமா?

மறுமொழி 1:
கண்ணால் மட்டும் பார்த்து உறுதி கூறுவது கடினம். அகாந்தைட் என்பது வெள்ளி சல்ஃபைடு. அதைச் சூடாக்கினால் கந்தகம் வெளியேற, எஞ்சும் வெள்ளி கம்பியாக முளைத்து வெளியே வரும். இயற்கையிலும் கம்பி வெள்ளி பெரும்பாலும் இதே கனிமத்தின் மேல்தான் வளர்கிறது என்பதால், கம்பியின் நீளவாக்கில் ஓடும் நுண்ணிய வரிகளும் சுருளும் இரண்டிலுமே காணப்படக்கூடும். ஆகவே நான் கம்பியை விட்டுவிட்டு, அதன் அடிப்பகுதியையே பத்து மடங்கு லென்ஸில் பார்ப்பேன். இயற்கையான மாதிரியில் கம்பிகளுக்கிடையே கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) படிகங்கள் வளர்ந்து, சில இடங்களில் வெள்ளியைத் தமக்குள் பொதிந்துகொண்டிருந்தால் அது நல்ல அறிகுறி. அகாந்தைட் நுண்துளைகளோடு பொரிந்தாற்போல் இருந்து, மேற்பரப்பெங்கும் ஒரே சீராக மெல்லிய இழைகள் முளைத்திருந்தால் ஐயப்பட வேண்டும். கறுப்பைப் பழமைக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். கந்தகச் சேர்மங்களைக் கொண்டு அதைச் சில நிமிடங்களில் வரவழைத்துவிடலாம்.

மறுமொழி 2:
மேலே கூறியதோடு உடன்படுகிறேன். ஆயினும் ஆவணத்துக்கு இன்னும் கூடுதல் எடை தர வேண்டும் என்பது என் கருத்து. 1623 முதல் 1958 வரை இயங்கிய நார்வேயின் கோங்ஸ்பெர்க் சுரங்கத்து வெள்ளியைச் சேகரிப்பாளர்கள் அவ்வளவு போற்றுவதற்கு அதன் அழகோடு, பல மாதிரிகள் பழைய சீட்டுகளுடன் கைமாறி வந்திருப்பதும் ஒரு காரணம். கம்பிகளைப் பசையால் ஒட்டியிருக்கிறார்களா என்றறிய, புற ஊதா விளக்கில் பசை ஒளிர்கிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் கால்சைட்டும் ஒளிரக்கூடும் என்பதை மறவாதீர்கள். தாய்ப்பாறையே இல்லாமல், பெரணி இலை வடிவில் பளபளக்கும் வெள்ளியைக் கண்டால் இன்னும் எச்சரிக்கை தேவை. வெள்ளி நைட்ரேட் கரைசலில் செம்புக் கம்பியைத் தொங்கவிட்டாலே அத்தகைய படிகங்கள் வளரும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அடிப்பகுதியின் அண்மைப் படங்களைக் கேட்டிருக்கிறேன். தூய்மை செய்வது குறித்தும் யாரேனும் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 3:
இந்த மாதிரியில் கறுப்பை நீக்க முயல வேண்டாம். வெள்ளியின் மேல் படியும் கறுப்பும் வெள்ளி சல்ஃபைடே என்பதால், நகை மெருகுக் கரைசலோ, அலுமினியத் தாளும் சோடாவும் சேர்ந்த முறையோ படலத்தையும் அடியிலுள்ள அகாந்தைட்டையும் பிரித்தறியாது, இரண்டையும் தாக்கும். பிறகு அந்த மாதிரியின் மதிப்பில் பாதி போய்விடும். வெள்ளி மிக மென்மையானது என்பதால் தூரிகையும் ஆகாது. கம்பி வளைந்தால் மீண்டும் பழைய வடிவுக்கு வராது. ரப்பர், கம்பளித் துணி போன்ற கந்தகம் வெளியிடும் பொருள்களை அருகில் வைக்காமல், இறுக மூடும் பெட்டியில் கந்தகத்தை ஈர்க்கும் தாளுடன் வைத்தால் போதும். அதே கட்டியில் சிவப்பு நிறத்தில் புரூஸ்டைட் என்னும் வெள்ளிக் கனிமம் தென்பட்டால் மட்டும் வெளிச்சம் படாமலும் காக்க வேண்டும். அது ஒளியில் கறுத்துவிடும்.