கிரெஸ்டட் கெக்கோ பெட்டிக்குள் உயிர்ச்செடி: வைக்கலாமா, கூடாதா?

நிலாமுற்றம் (ரொறன்ரோ)
எட்டு மாதக் கிரெஸ்டட் கெக்கோ என்ற பல்லி ஒன்று வளர்க்கிறேன். 60 செ.மீ. உயரக் கண்ணாடிப் பெட்டி, மேலே கம்பிவலை மூடி, உள்ளே எல்லாம் பிளாஸ்டிக் செடிகள், அடியில் காகிதத் துவாலை. குளிர் தொடங்கி ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும் ஈரப்பதம் 28 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. போன வாரம் தோல் உரித்தபோது இரண்டு விரல்களில் பழைய தோல் வளையமாக இறுகிவிட்டது. வெதுவெதுப்பான ஈரத்துணியில் சிறிது நேரம் வைத்திருந்து, பஞ்சுக்குச்சியால் மெல்ல எடுத்தேன். கை நடுங்கியது. உயிர்ச்செடி வைத்தால் ஈரம் நிற்குமா? எந்தச் செடி நல்லது?

வேரடிமண்
தாராளமாக வையுங்கள். இது தென்பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் காட்டுப் பல்லி. அழிந்துவிட்டது என்று நம்பப்பட்டு, 1994இல்தான் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. இலையில் நிற்கும் நீர்த்துளியை நக்கிக் குடிப்பது அதன் பழக்கம். மணிபிளாண்ட், பாம்புச்செடி, புரோமீலியாட் மூன்றும் இதன் எடையைத் தாங்கும். அடியில் களிமண் உருண்டைகள், மேலே தேங்காய்நார் கலந்த மண். ஸ்பிரிங்டெயில் என்ற மிகச் சிறிய, பூச்சி போன்ற உயிர்களை விட்டால் பூஞ்சையை அவையே தின்றுவிடும். விரலில் இறுகிய தோலை அப்படியே விட்டால் இரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும்; நீங்கள் எடுத்தது மிகச் சரி.

வெறுந்தரை
நான் முழுக்க எதிர். நாற்றங்காலில் வாங்கும் செடியில் இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிமருந்து இருக்கலாம். அது திசுவுக்குள்ளேயே ஓடுவது; இலையைக் கழுவினால் போகாது. மணிபிளாண்டில் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி போன்ற படிகங்கள் உண்டு, வாயைப் புண்ணாக்கும். மண் போட்டால் எச்சத்தின் நிறம்கூடத் தெரியாது, நோயை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? என் லெப்பர்ட் கெக்கோ ஆறு ஆண்டுகளாகக் காகிதத் துவாலைமேல்தான் வாழ்கிறது. ஈரப்பதம் 35. அது ஒளிந்துகொள்ளும் சிறு பெட்டிக்குள் மட்டும் ஈரப்பாசி. ஒரு முறைகூடத் தோல் ஒட்டியதில்லை.

வேரடிமண்
அண்ணா, உங்களுடையது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட பாறைநிலத்துப் பிராணி. அந்த 35ஐ இவருடைய பல்லிக்குச் சொன்னால் அடுத்த தோலுரிப்பிலும் இதே அவதிதான். ஆக்சலேட் பற்றி: கிரெஸ்டட் கெக்கோ பழக்கூழும் பூச்சியும் தின்னும், இலையை மெல்லாது. ஆனால் இரையாக விட்ட சுவர்க்கோழிகள் இலையைக் கடித்த பிறகு பல்லி அவற்றைத் தின்னலாம். ஆகவே மிச்சமானவற்றை அன்றிரவே எடுத்துவிட வேண்டும். டிஃபன்பேக்கியா, அரளி, பால் வடியும் கள்ளி வகைகள் பெட்டிப் பக்கமே வரக் கூடாது. பூச்சிமருந்து விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. அதற்காகத்தான் நான் கடைச்செடியை நேரே வைப்பதில்லை. வீட்டில் மருந்து படாமல் பல ஆண்டு வளர்ந்த கொடியிலிருந்து கிளை வெட்டி வேர்விட வைக்கிறேன்.

வெறுந்தரை
இனம் வேறு என்பதை ஏற்கிறேன், அந்த எண்ணைச் சொன்னது என் தவறு. மற்றதில் இறங்கி வரமாட்டேன். செடி வைத்தவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள்? ஈரம் போய்விடுமென்று காற்றுவழியை முழுதும் அடைக்கிறார்கள். இரவும் பகலும் ஈரப்பதம் 85, 90. மூச்சுக்குழாயில் தொற்று வந்து, வாயோரம் நுரை கட்டி, வாயைத் திறந்து மூச்சுவிட்ட ஒரு பல்லியை நண்பர் வீட்டில் பார்த்தேன். அந்தக் காட்சி இன்னும் போகவில்லை. இவருக்குப் பகை ஹீட்டர் காற்றும் கம்பிவலை மூடியும்தான். மூடியில் பாதியைப் பிளாஸ்டிக் தாளால் மறையுங்கள். மாலையில் நன்றாகத் தெளித்து 80 வரை ஏற்றுங்கள், மறுநாள் பகலில் 50க்கு இறங்கிக் காய விடுங்கள். முள் காட்டும் மானி வேண்டாம், டிஜிட்டல் வாங்கிப் பெட்டியின் நடு உயரத்தில் வையுங்கள்.

வேரடிமண்
நனைந்து காய வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. பிளாஸ்டிக் இலையில் தெளித்த நீர் சீக்கிரம் போய்விடுகிறது. மண்ணும் இலையும் அதை மெதுவாக விடுகின்றன. அந்த வேலையைக் காகிதம் செய்யாது.

நிலாமுற்றம்
ஐந்து நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மூடியில் பாதியை மறைத்து மாலையில் தெளித்தேன். இரவில் 78, காலை ஒன்பதுக்கே 40க்குக் கீழே. காகிதம் மட்டும் போதவில்லை என்பது தெரிகிறது. ஆனால் விரல்கள் இன்னும் சிவந்திருப்பதால் மண் போட மனம் வரவில்லை. எங்கள் சமையலறையில் ஏழு ஆண்டாக மருந்தே படாத மணிபிளாண்ட் இருக்கிறது. அதில் நான்கு கிளைகளைத் தண்ணீர்ப் போத்தலில் போட்டுப் பெட்டிக்குள் நிறுத்தலாமா?

வெறுந்தரை
நிறுத்துங்கள். போத்தலின் வாயைப் பாசியால் இறுக அடையுங்கள். பல்லி தலைகீழாக உள்ளே விழுந்தால் ஏற முடியாது. விரல்களின் நிறம் கறுத்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வேரடிமண்
விரல் ஆறிய பிறகு மண்ணைப் பற்றிப் பேசுவோம். அதுவரை காலையிலும் ஒரு சிறு தெளிப்பு கொடுங்கள்.