இரவு ஷிப்ட் சாப்பாடு: மில் கேண்டீன் அனுபவம் உள்ளவர்கள் உதவவும்

வணக்கம். நூற்பாலை இரவு ஷிப்ட்காரர்களுக்குச் சர்க்கரை வராமல் தடுக்க ஒரு உணவுக் குறிப்பு தயாரிக்கிறோம். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100 முதல் 125 மி.கி./டெ.லி. வரை (சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை) உள்ளவர்கள்தான் முதல் இலக்கு.

இரவில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் கூடும்போது இன்சுலின் சுரப்பு மந்தமாகும். பகலில் சாப்பிடும் அதே சோறு இரவு 2 மணிக்குச் சர்க்கரையை இன்னும் அதிகமாக ஏற்றும். அதனால் சோற்றை ஷிப்டுக்கு முன்பே முடித்துவிட்டு, நடுவில் ஒரு கப் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ போதும் என்பது திட்டம். சாப்பிட்டதும் 10 நிமிட நடை. தசை அசைந்தால் இன்சுலின் தயவில்லாமலும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

சிக்கல் டீதான். கிளாஸுக்கு 2 ஸ்பூன் என்றால் நாலு டீயில் 40 கிராம் சர்க்கரை! இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

தெரிய வேண்டியது: உங்கள் மில்லில் இடைவேளை எத்தனை நிமிடம்? டீக்குச் சர்க்கரை தனியாகத் தருவார்களா? தேங்காய் போடாத சுண்டல் மாலை 6 மணிக்குக் கட்டினால் நள்ளிரவு வரை கெடாமல் இருக்கிறதா?

ஏற்கெனவே மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைப் பின்பற்ற வேண்டாம். தாழ்சர்க்கரை (ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது) ஆபத்து.